பற்று நோட்டும் கடன் அட்டையும்

 

சென்ற மாதம் ஒரு மாலை, குருவிகுளத்தில் நாம் பாடம் நடத்தும் மக்தபில் சூரா அல்பகராவின் 282ஆம் வசனத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தோம். அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது. தொழுகையைப் பற்றியதும் அல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல, கடனைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதி வைக்க வேண்டும், எழுதுகிறவர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்பது அதன் சாரம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஹஜ்ரத், எங்க அத்தா கார்டு தேய்ச்சுத்தான் அரிசி, பருப்பெல்லாம் வாங்குறாங்க. அது கடனா?"

கடன்தான் என்றோம்.

"யார்கிட்ட கடன்? கடைக்காரங்ககிட்டயா?"

இல்லை, வங்கியிடம் என்றோம்.

"அப்ப அத யாரு எழுதுறாங்க? சாட்சி யாரு?"

மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டோம். உண்மையில் நேரமாகவில்லை, இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவனுக்குப் பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஏனெனில் சில ஆண்டுகளுக்கு முன்பு நம் சட்டைப்பையிலும் அப்படியோர் அட்டை இருந்தது. அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்கு அந்தச் சிறுவனே காரணம்.

குருவிகுளம் பெரிய ஊரன்று. சங்கரன்கோவிலையும் கோவில்பட்டியையும் நம்பி வாழும் கரிசல் காட்டு ஊர். மழை பெய்தால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம். பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசும் வெளியூர் வேலையும். கையில் பணம் வருவதற்கு நாள் கணக்கு கிடையாது. ஆகவே இவ்வட்டாரத்து மளிகைக் கடைகளில் பற்று நோட்டு என்று ஒன்று தொன்றுதொட்டு இருந்து வருகிறது. வீட்டுப் பெயரைத் தலைப்பில் எழுதி, எடுத்த சாமானைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டே வருவார் கடைக்காரர். சம்பளம் வந்ததும், அல்லது உளுந்து விற்றதும், கணக்கு நேராகும். இதையே 'பற்று வைப்பது' என்கிறோம். வங்கிகள் தமிழில் பெயர் சூட்டும்போது, கையில் இருக்கும் பணத்தைக் கொடுக்கும் டெபிட் கார்டுக்குப் 'பற்று அட்டை' என்று பெயர் வைத்துவிட்டன. கணக்குப் பதிவியலில் அது சரியான சொல்லாகவே இருக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெண்களிடம் பற்று அட்டை என்று சொன்னால் கடனுக்கு வாங்கும் அட்டை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மக்தபில் தாய்மார்களுக்கு இதை விளக்கவே ஒரு மாலை ஆயிற்று.

பற்று நோட்டைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். சூரா அல்பகரா சொல்லும் கடனுக்குரிய அடையாளங்கள் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. எழுத்து இருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிவார்கள். தாமதமானால் முகம் சுளிப்பு உண்டு, அதட்டலும் உண்டு. ஆனால் தாமதத்துக்கு விலை கிடையாது. அண்ணல் நபி (ஸல்) அவர்களே தம் குடும்பத்துக்காக ஒரு யூதரிடம் வாற்கோதுமையைக் கடனாக வாங்கி, தம் போர்க் கவசத்தை அடைமானம் வைத்திருந்தார்கள். அது மீட்கப்படாத நிலையிலேயே அவர்கள் வஃபாத் ஆனார்கள் என்று புகாரியில் காண்கிறோம். எனவே கடன் வாங்குவதே பாவம் என்று எவரும் சொல்ல முடியாது. அதே நபியவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகக் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். கடனாளியாக இறந்தவரின் ஜனாஸாவைத் தாமே தொழவைக்காமல், ஒரு தோழர் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்த நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே.

இனிக் கடன் அட்டைக்கு வருவோம். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு வங்கி பணம் கொடுத்துவிடுகிறது. அந்தத் தொகைக்கு நாம் வங்கியின் கடனாளி ஆகிறோம். மாதம் ஒருமுறை கணக்கு வருகிறது. குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை. வாங்கிய நாளைப் பொறுத்து இந்த வட்டியில்லாக் காலம் ஏறக்குறைய 20 நாளிலிருந்து 50 நாள் வரை கிடைக்கும். முழுத் தொகையையும் கட்டாவிட்டால் இந்தச் சலுகை போய்விடுகிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது; அடுத்து வாங்கும் அரிசிக்கும் வட்டியில்லா நாள் கிடையாது. வட்டி பல அட்டைகளில் மாதத்துக்கு 3 விழுக்காட்டிலிருந்து 3.75 விழுக்காடு வரை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 36 முதல் 45. வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி, கட்டணம் தனி.

கணக்குச் சீட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். மொத்தத் தொகையைவிட அதுவே கண்ணுக்கு இதமாக இருக்கும். 40,000 ரூபாய் பாக்கி உள்ளவருக்கு 5 விழுக்காடு என்றால் 2,000 ரூபாய். அதைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை, கடன் மதிப்பீட்டிலும் கறை இல்லை. மீதி 38,000க்கு மாதம் 3.5 விழுக்காடு என்று கொண்டால் வட்டி 1,330, ஜிஎஸ்டி 239. அடுத்த மாதம் ஒரு தீப்பெட்டிகூட வாங்காவிட்டாலும் பாக்கி 39,569. இரண்டாயிரம் கொடுத்தவரின் கடன் 431 ரூபாய் குறைந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து ஓடிய வட்டியை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் முதல் மாதத்தில் கடன் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்.

நம் கதையைச் சொல்கிறோம். நாம் கணக்கு வைத்திருந்த வங்கியின் சார்பில் ஓர் இளைஞர் வந்தார். வாழ்நாள் முழுவதும் கட்டணமில்லை, நீங்கள்தான் சரியாகக் கட்டுவீர்களே, உங்களுக்கு வட்டியே வராது என்றார். அந்தக் கடைசி வாக்கியம் நமக்குப் பிடித்திருந்தது. வட்டி கட்டும் நோக்கம் இல்லாதபோது என்ன தவறு என்று எண்ணினோம். மறதியால் தவணை தப்பிவிடக் கூடாதென்று, கணக்கிலிருந்து வங்கியே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் கையெழுத்திட்டோம். ஓராண்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லை. பேருந்துச் சீட்டு, கிதாபுகள், வீட்டுச் சாமான் எல்லாம் அதிலேயே ஓடின. ஒரு ரமளானில் பிள்ளைகளுக்குத் துணியும் பெருநாள் சாமான்களுமாக 18,400 ரூபாய் ஆயிற்று. அதற்கு முந்தைய மாதங்களில் கணக்கு வந்தவுடன் நாமே கைப்பேசியில் கட்டிவிடுவது வழக்கம். இஃதிகாஃபில் இருந்ததால் அந்த மாதம் கட்டவில்லை. வங்கியே எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

வங்கி எடுத்துக்கொண்டது, 920 ரூபாய். விண்ணப்பத்தில் 'மொத்தத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவதில் டிக் அடித்திருந்தது. அந்த இளைஞர் அடித்ததா நாம் அடித்ததா என்பது இன்றுவரை நினைவில்லை; கீழே இருப்பது நம் கையெழுத்துதான். அடுத்த கணக்குச் சீட்டில் வட்டி 968 ரூபாய், ஜிஎஸ்டி 174 ரூபாய். நம் ஊதியத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் ஊதியம் அது. தொகையைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. அதே வாரம் பெண்கள் பயானில் வட்டியின் கொடுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தோம். வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் திறந்தால் நம் பெயரில் வட்டி.

ஃபிக்ஹின் ஒரு நுட்பத்தை அன்று நாம் நெஞ்சால் உணர்ந்தோம். சேமிப்புக் கணக்கில் வேண்டாமலே வந்து சேரும் வட்டியை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவிவிட உலமாக்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். கொடுத்துவிட்ட வட்டிக்கு அப்படியொரு வழி இல்லை. அது போயே போயிற்று. தவ்பா ஒன்றே மீதி.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத்தில் கூடியபோது 108ஆம் தீர்மானத்தில் இதை ஆராய்ந்தது. தாமதித்தால் வட்டி என்று நிபந்தனை உள்ள கடன் அட்டையை வழங்குவதும் பயன்படுத்துவதும் கூடாது. சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்பது அதன் முடிவு. கணக்கில் உள்ள நம் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் அட்டையை 2004இல் மஸ்கட்டில் கூடிய அமர்வு அனுமதித்தது. வேறு கருத்துடைய மதிப்பிற்குரிய ஆலிம்களும் உண்டு. தவிர்க்க முடியாத தேவையுள்ளவர், தவணைக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடும் ஏற்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பரீரா (ரலி) அவர்களை விலைக்கு வாங்கி விடுதலை செய்ய ஆயிஷா (ரலி) அவர்கள் முன்வந்தபோது, விற்றவர்கள் விதித்த தவறான நிபந்தனையைப் பொருட்படுத்தாமல் வாங்குமாறு நபியவர்கள் சொன்னதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவதுண்டு.

அவர்களை நாம் பழித்துரைக்க மாட்டோம். அந்த அனுமதியை நம்பித்தான் நாமும் கையெழுத்திட்டோம். ஆயினும் அந்த அனுமதி தேவைக்கு உரியது. வெளிநாட்டு விமானச் சீட்டுக்கும் வணிகருக்கும் எழும் தேவையை வைத்துச் சொல்லப்பட்ட ஒன்றை, குருவிகுளத்தில் ஐந்து கிலோ அரிசிக்கும் அரை லிட்டர் எண்ணெய்க்கும் நாம் நீட்டிக்கொண்டோம். அரிசி வாங்கக் கையில் பணம் இருந்தால் கடன் அட்டை தேவையே இல்லை. பணம் இல்லையென்றால், அடுத்த மாதம் மட்டும் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அன்றாடச் செலவில் கடன் அட்டை நுழைவதன் தீங்கு இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. பீரோ வாங்கிய கடன் ஒருநாள் தீரும். சோற்றுக் கடன் நாளையும் பசியோடு வரும்.

'புள்ளிகள் கிடைக்கின்றனவே, ஐந்து விழுக்காடு திரும்பி வருகிறதே, அதை ஏன் விட வேண்டும்?' என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தப் பணத்தின் ஒரு பங்கு கடைக்காரரிடம் பிடித்த கட்டணத்திலிருந்து வருகிறது. இன்னொரு பங்கு நம்மைப்போல் கட்டத்தில் தவறாக டிக் அடித்தவரின் 968 ரூபாயிலிருந்து வருகிறது. 'வட்டியில்லாத் தவணை' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சிய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: கடைக்காரர் வட்டியின் அளவுக்குத் தள்ளுபடி கொடுத்துவிடுவார்; வங்கியோடு நாம் செய்யும் ஒப்பந்தத்தில் வட்டி வட்டியாகவே இருக்கும்.

நம் மாவட்டத்து மக்களுக்கு வட்டியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்துக் காசிதர்மத்தைச் சேர்ந்த கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் தீக்கு இரையானதைப் பார்த்தவர்கள் நாம். அந்தப் படத்தைக் கண்ட கண்கள் மறக்கவில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. கடன் அட்டையும் கந்துவட்டியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அட்டைக்கு விதிமுறை உண்டு, புகார் செய்ய இடம் உண்டு. அது சிறிய வேறுபாடன்று. ஆனால் கந்துவட்டிக்காரரின் பெயரைக் கேட்டால் காறி உமிழும் நாம், ஆண்டுக்கு 42 விழுக்காடு என்று பொடி எழுத்தில் அச்சிட்ட காகிதத்தில் சிரித்த முகத்தோடு கையெழுத்திடுகிறோம். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கடன் அட்டைக்கு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்துவிட்டது. அந்த எல்லையும் இப்போது இல்லை.

அப்படியானால் ரொக்கம்தான் சிறந்ததா? அன்றாடச் செலவுக்கு ரொக்கத்தின் பெருமை, அது தீர்ந்துபோவது கண்ணுக்குத் தெரிவது. சனிக்கிழமை கூலி வாங்கி வரும் பெண், அரிசிக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று முடிச்சுப் போட்டு வைப்பது எந்தச் செயலியையும்விட நல்ல கணக்கு. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது வாசலில் கையேந்தி நிற்பவருக்கு நீட்டவும் அதுவே வேண்டும். ஆனால் ரொக்கத்தை நம்பியவர்களும் அழுததை நாம் பார்த்தோம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, மருமகளுக்கும் தெரியாமல் சர்க்கரை டப்பாவில் கஃபன் செலவுக்கென்று மூதாட்டிகள் சேர்த்து வைத்த பணம் வெளியே வந்தது. வரிசையில் நின்று மாற்றிய அந்தக் கைகளை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். தவிர, ரொக்கத்துக்கு எழுத்தும் சாட்சியும் கிடையாது. கொடுத்தேன், வாங்கவில்லை என்ற தகராறுகள் ஜமாஅத்துக்கு வருவதில் பாதி ரொக்கத் தகராறுதான்.

ஆகவே நாம் நம் வீட்டில் செய்திருப்பது இது. ஊதியம் வரும் கணக்கு ஒன்று. அதன் அட்டை பெட்டியை விட்டு வெளியே வராது. மாதச் செலவுக்கு மட்டும் பணம் மாற்றிக்கொள்ளும் கணக்கு இன்னொன்று. அதன் பற்று அட்டையும் கைப்பேசியின் யுபிஐயும் கடைகளுக்குப் போகும். திருடு போனாலும் ஏமாந்தாலும் போவது அந்த மாதத்து மீதிதான். பணம் போய்விடுமே என்ற அச்சமே பலரைக் கடன் அட்டையின் பக்கம் தள்ளுகிறது. அது நியாயமான அச்சமே. நம் தவறின்றி வெளியார் எவரேனும் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டால், செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு நட்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் அறிவித்தது. ஓடிபியை நாமே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 1930 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். இணைய மோசடிக்கு உடனே அழைக்க வேண்டிய எண் அது. அட்டையில் இணைய வணிகம், வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றை வேண்டாதபோது மூடி வைக்கவும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கவும் 2020 அக்டோபர் முதல் நமக்கே உரிமை உண்டு. ரூபே பற்று அட்டைக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால் அவருக்கும் இழப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. யுபிஐயில் ஸ்கேன் செய்வதெல்லாம் கையிலுள்ள பணம் என்று இனி எண்ண முடியாது. 2022 முதல் ரூபே கடன் அட்டையையும் யுபிஐயோடு இணைக்க முடிகிறது. அதே சதுரம், அதே 'டிங்' ஓசை. கடைக்காரர் பணம் வந்தது என்று மகிழ்கிறார். வாங்கியவர் கடனாளியாகப் படியிறங்குகிறார். கைப்பேசியில் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளைக் கொண்டாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திருமண வீட்டாருக்கு இடையில் ஒன்று. தங்கத்தைக் கடனுக்கு வாங்குவதில் ரிபா என்ற சிக்கல் வருகிறது. கைக்குக் கை மாற வேண்டிய பொருள் அது. பற்று அட்டையில் வாங்குவதை மேற்சொன்ன மஸ்கட் அமர்வு அனுமதித்திருக்கிறது. இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடுப்பதால், அங்கே பற்று அட்டையே பொருத்தம்.

இவ்வளவும் எழுதியபின் மறைக்கக் கூடாத ஒன்றையும் எழுதிவிடுகிறோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரியை ஓர் இரவு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. முன்பணம் 25,000 கட்டினால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்றார்கள். மணி ஒன்றரை. அவருடைய தம்பி கடன் அட்டையை நீட்டினார். சகோதரி பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தம்பியிடம் போய் வட்டி நிபந்தனையுள்ள அட்டை கூடாது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. அந்த நேரத்தில் அவர் ஜமாஅத்தில் யாருடைய கதவைத் தட்டியிருக்க முடியும்? பள்ளிவாசல் வண்ணப்பூச்சுக்கு நம்மிடம் நிதி இருந்தது. ஒலிபெருக்கிக்கு இருந்தது. கடன் கொடுக்க ஒரு ரூபாய் இல்லை. ஹராம் என்று மிம்பரில் சொல்வதற்குச் செலவாவது ஒன்றுமில்லை. ஹலாலான கதவு ஒன்றைத் திறந்து வைப்பதற்குத்தான் பணமும் தூக்கமும் செலவாகும். அதை நாம் செய்யாமல் இருந்தோம். உலமாக்கள், நிர்வாகிகள் எல்லோரையும் சேர்த்தே 'நாம்' என்கிறோம்.

வட்டியில்லா வங்கியை அரசு கொண்டுவரும் என்று காத்திருப்பதும் வீண். ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் அதைப் பரிந்துரைத்தது; அந்தத் திட்டத்தை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டவருக்குப் பதில் சொல்லிவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பைத்துல்மால் வைத்து நடத்துகிறார்கள். அவ்வளவு வசதி நம் பக்கம் இல்லை. ஆயினும் அந்த இரவுக்குப் பிறகு பதினான்கு பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 ரூபாய் என்று தொடங்கினோம். ஓராண்டில் 33,600 ரூபாய் சேர்ந்தது. ஒருவருக்கு 12,000க்கு மேல் இல்லை. 10,000 ரூபாய் எப்போதும் இரவு அவசரத்துக்கென்று தனியே இருக்கும். நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. கடன் வாங்கியவர் கையெழுத்து, சாட்சிகள் இருவர் கையெழுத்து, திருப்பித் தரும் தேதி.

நம் கடன் அட்டையை முழுப் பாக்கியையும் கட்டி மூடிவிட்டோம். மூடச் சொல்லிக் கேட்டால் பாக்கி இல்லாத அட்டையை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய பிறகே நமக்கு வேலை நடந்தது. மூட விரும்புகிறவர்கள் தொலைபேசியில் மன்றாடாமல் எழுத்தில் கேளுங்கள்.

நோட்டில் இதுவரை ஒன்பது பெயர்கள் ஏறியிருக்கின்றன. ஏழு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு உளுந்து கைக்கு வரவில்லை. சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் தரச் சொல்லும் 2:280ஐ அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை, அவரே வந்து தை மாதம் தருகிறேன் என்று சொல்லிப் புதுத் தேதி எழுதிப் போனார். ஒன்பதாவது பெயர், பாடத்தில் கேள்வி கேட்ட அந்தச் சிறுவனின் அத்தா. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறோம். பதினேழு மாதங்களாகக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வந்திருக்கிறார். கேட்டபோது பாக்கி 41,000. வரம்பின்படி 12,000 கொடுத்தோம், அட்டை இப்போது அவர் மனைவியின் பீரோவில் இருக்கிறது. மீதி 29,000 வங்கியில் நிற்கிறது. அதற்கு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.